இரண்டு பெக்கோடு நிறுத்த என்னால் மட்டும் ஏன் முடியவில்லை?

கேள்வி: எனக்கு வயது 41, கணவருக்கு 44. சில ஆண்டுகளாக வார இறுதிகளில் இருவரும் சேர்ந்து மது அருந்துவது வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தூக்கம் குறையத் தொடங்கியது. அதிலிருந்து பிள்ளைகள் படுத்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல், தனியாகவும் குடிக்கிறேன். இப்போது வாரத்தில் நான்கைந்து இரவுகள் ஆகிவிட்டன. இது கூடிக்கொண்டே போவதைப் பார்த்து, ஆளுக்கு இரண்டு பெக், அதாவது 60 மில்லி விஸ்கி இரண்டு முறை, அதற்கு மேல் இல்லை என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவர் வீட்டில் அதை ஒருநாளும் மீறவில்லை. நான் பல இரவுகளில் மூன்று, நான்கு என்று போய்விட்டேன். துணி அலமாரிக்குள் ஒரு பாட்டிலை ஒளித்தும் வைத்திருந்தேன். அதைக் கண்டெடுத்த அன்று அவர், "பெண்களுக்கு இந்த விஷயத்தில் கட்டுப்பாடே கிடையாது, அது உங்கள் உடல்வாகு" என்றார். மாதம் இரண்டு முறை நண்பர்களோடு வெளியே போகும்போது அவர் ஐந்தாறு பெக் குடிப்பார்; ஒரு முறை தானே வண்டி ஓட்டிக்கொண்டும் வந்தார். ஆனால் மற்ற நாட்களில் அவருக்கு அந்த நினைப்பே வருவதில்லை. அவர் சொன்னது உண்மையா? அவரையே எனக்கு அளந்து ஊற்றச் சொல்லட்டுமா, அல்லது இன்றோடு முழுவதுமாக நிறுத்திவிடட்டுமா? சில காலைகளில் கை லேசாக நடுங்குகிறது. 14 வயது மகளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமோ என்ற பயமும் இருக்கிறது. தேவைப்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள்: என் எடை 54 கிலோ, அவர் எடை 78 கிலோ.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விகளில் ஒன்றுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது இன்று இரவையே பற்றியது. இன்றோடு முழுவதுமாக நிறுத்திவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவரைப் பார்க்காமல் அப்படிச் செய்ய வேண்டாம். காலையில் கை நடுங்குவது பலவீனத்தாலோ பதற்றத்தாலோ இருக்கலாம். ஆனால் வாரத்தில் நான்கைந்து இரவுகள் குடிக்கும் ஒருவருக்கு அது, மது இல்லாத நிலையை உடல் தாங்க மறுக்கத் தொடங்கியிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். அப்படிப் பழகிய உடலில் மதுவைத் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் சிலருக்கு இல்லாதது கண்ணில் படும், இடமும் நேரமும் குழம்பும், காய்ச்சலும் படபடப்பும் சேரும். அந்த நிலை உயிருக்கே ஆபத்தானது. உங்கள் நடுக்கம் லேசானது என்பதால் அவ்வளவு தூரம் போகாமலும் இருக்கலாம். ஆனாலும் அதைக் கடிதம் வழியாக நானோ, வீட்டிலிருந்தபடி நீங்களோ முடிவு செய்யக் கூடாது. இந்த வாரத்திற்குள் ஒரு மருத்துவரைப் பாருங்கள். எத்தனை இரவுகள், எத்தனை மில்லி, நடுக்கம் எத்தனை மணிக்கு வருகிறது, குடித்தால் அடங்குகிறதா என்பவற்றைக் குறைக்காமல் சொல்லுங்கள். தேவையென்று அவர் கருதினால் சில நாட்களுக்கு மட்டும் மாத்திரையும், தயமின் என்னும் பி1 வைட்டமினும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைப்பார். இடையில் குழப்பம், வலிப்பு, கடுமையான நடுக்கம், வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

இனி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அந்த ஒரு வாக்கியம் உங்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அதனால் அதை ஆறுதல் சொல்லித் தள்ளிவிடாமல், உண்மையா என்று பார்க்க விரும்புகிறேன்.

ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டு, யாருக்கு மன அடக்கம் அதிகம் என்று அளந்த ஆய்வுகள் ஏராளமாக உண்டு. 2011ஆம் ஆண்டு அத்தகைய நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஆபத்தைத் தேடிப் போவதிலும் பரபரப்பை விரும்புவதிலும் ஆண்கள் முன்னால் நின்றார்கள். தண்டனைக்கும் இழப்புக்கும் அஞ்சுவதில் பெண்கள் முன்னால் நின்றார்கள். முயன்று தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறனில் இரு பாலாருக்கும் சொல்லும்படியான வேறுபாடு தென்படவில்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மதுவால் நேர்ந்த இறப்புகள் 26 லட்சம்; அவற்றில் 20 லட்சம் ஆண்களுடையவை. குடியில் கட்டுப்பாடு என்பது ஆணுக்கு உடலோடு பிறந்தது என்றால் இந்த எண்ணிக்கை இப்படி இருக்க வழியில்லை.

அதற்காக வேறுபாடே இல்லை என்று நான் எழுதினால் அதுவும் தவறாகிவிடும். வேறுபாடு உண்டு, உங்கள் ஒப்பந்தம் தோற்றதற்கான முதற்காரணமே அதில்தான் இருக்கிறது. ஆனால் அது மன உறுதியில் இருக்கும் வேறுபாடு அல்ல. ஒரே அளவு மது இரண்டு உடல்களில் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதுதான் விஷயம்.

மது கொழுப்பில் அதிகம் சேராது. உடலில் உள்ள நீரில்தான் பரவும். ஆணின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர். பெண்ணுக்கு அது 50 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். எடையும் குறைந்து, நீரின் பங்கும் குறையும்போது, அதே மது சிறிய பாத்திரத்தில் கரைத்ததுபோல் அடர்த்தியாகிறது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் எரிக் விட்மார்க் 1930களில் வகுத்த கணக்கு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. நீங்கள் எடைகளைக் குறிப்பிட்டிருப்பதால், அதை வைத்து உங்கள் இருவருக்கும் கணக்கிட்டுப் பார்த்தேன். 40 விழுக்காடு ஆல்கஹால் உள்ள விஸ்கியில் 60 மில்லிக்குச் சுமார் 19 கிராம் தூய ஆல்கஹால் இருக்கும். இரண்டு பெக்குக்கு 38 கிராம். அது முழுவதும் இரத்தத்தில் சேர்ந்தால், 78 கிலோ எடையுள்ள உங்கள் கணவருக்கு 100 மில்லி இரத்தத்தில் சுமார் 72 மில்லிகிராம் வரும். 54 கிலோ எடையுள்ள உங்களுக்குச் சுமார் 128 மில்லிகிராம் வரும். சராசரிகளை வைத்துப் போட்ட கணக்கு இது. ஆளுக்கு ஆள் சற்றுக் கூடும், குறையும். ஆனாலும் உங்கள் இரண்டு பெக் அவருடைய மூன்றரை பெக்குக்குச் சமம் என்ற அளவில் அது நிற்கும். இதோடு, மதுவை இரைப்பையிலேயே ஓரளவு உடைக்கும் நொதி பெண்களிடம் குறைவாக வேலை செய்கிறது என்று 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆகவே நீங்கள் இருவரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் வெளிப்பார்வைக்குச் சமமாக இருந்ததே தவிர, உண்மையில் அது அவருடைய உடலுக்கு எழுதப்பட்ட ஒப்பந்தம். இரண்டாவது பெக் முடியும் இடத்தில் அவருடைய மூளை இன்னும் கணக்குப் பார்க்கும் நிலையில் இருக்கிறது; உங்களுடையது அந்த நிலையைத் தாண்டிவிடுகிறது. மது முதலில் மங்கச் செய்வது, வேண்டாம் என்று சொல்லும் அந்த மூளைப் பகுதியைத்தான். போதையில் இருக்கும் மனத்துக்குக் கண்முன் இருப்பது மட்டுமே பெரிதாகத் தெரியும்; நாளைக் காலையும், கொடுத்த வாக்கும், ஒளித்து வைப்பதன் அவமானமும் தொலைவில் மங்கிப்போகும். நிறுத்துவது என்ற முடிவை இரண்டாவது பெக்கின் இறுதியில் வைத்தது, அந்த முடிவை எடுக்க முடியாத ஒருவரிடம் அதை ஒப்படைத்தது போன்றது. அந்த இடத்தில் உங்கள் கணவரை 128 மில்லிகிராமில் உட்கார வைத்திருந்தால் அவரும் மூன்றாவதை ஊற்றியிருக்க வாய்ப்பு அதிகம். நண்பர்களோடு போகும் நாட்களில் அவருடைய எண்ணிக்கை ஐந்து, ஆறு என்று போவதே அதற்குச் சான்று.

அந்த நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ தூய ஆல்கஹால் உட்கொள்வதை உலக சுகாதார அமைப்பு மிகைக் குடி என்று கணக்கிடுகிறது. ஐந்து பெக் என்பது 95 கிராம். மாதம் இரண்டு முறை அந்த எல்லையை வெகுதூரம் தாண்டுகிறவர், ஒரு முறை வாகனத்தையும் ஓட்டிக்கொண்டு வந்தவர், தனக்குக் கட்டுப்பாடு இருப்பதாக நம்புகிறார். நீங்களும் அதை நம்புகிறீர்கள். நல்ல வேளையாக வழியில் ஒன்றும் நேரவில்லை. அதனால்தான் அந்த இரவு கட்டுப்பாடு இழந்த இரவாகக் கணக்கில் சேரவில்லை. ஆய்வுக்கூடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உடலமைப்புக்கு ஏற்ப அளந்து மது கொடுத்து, ஒரு செயலைத் தொடங்கியபின் சட்டென்று நிறுத்தச் சொல்லும் சோதனைகளை வைத்திருக்கிறார்கள். அத்தகைய ஓர் ஒப்பீட்டில், நிறுத்தும் திறன் ஆண்களிடம் அதிகமாகக் குறைந்தது. அவர்கள் உற்சாகம் கூடியதாகச் சொன்னார்கள், பெண்கள் சோர்வும் மயக்கமும் கூடியதாகச் சொன்னார்கள். மது அருந்தியதும் மூளையின் இன்பப் பகுதியில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரப்பது ஆண்களிடம் அதிகமாக இருந்ததை 2010இல் வெளிவந்த ஒரு மூளைப்படப் பரிசோதனையும் காட்டியது.

இவற்றையெல்லாம் பல ஆண்டுகளாக என் ஆலோசனை அறையில் கேட்டவற்றோடு சேர்த்துப் பார்த்து, நான் வந்து சேர்ந்த முடிவு ஒன்று உண்டு. கட்டுப்பாட்டின் அளவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அது அறுபடும் இடம்தான் வேறு. ஆண்களுக்கு அது பெரும்பாலும் கூட்டத்தில், மகிழ்ச்சியில், பிறர் ஊற்றும்போது, ‘நான் தாங்குவேன்’ என்று காட்டும்போது அறுபடுகிறது. பெண்களுக்குப் பெரும்பாலும் தனிமையில், நாள் முடிந்த பிறகு, ஒரு சண்டைக்கோ கவலைக்கோ தூக்கமின்மைக்கோ மருந்தாகக் குடிக்கும்போது அறுபடுகிறது. கூட்டத்தில் அறுபடுவதைச் சமூகம் பொழுதுபோக்கு என்று சொல்லிக் கடந்துவிடும். தனிமையில் அறுபடுவதை ஒழுக்கக்கேடு என்று சொல்லும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். விதிவிலக்குகள் இரு பக்கத்திலும் நிறைய உண்டு. நான் பெரும்பான்மையைச் சொல்கிறேன்.

இன்னொரு தகவலையும் உங்கள் கணவர் அறிய வேண்டும். 1891 முதல் 2001 வரை பிறந்தவர்களைப் பற்றிப் பல நாடுகளில் எடுத்த ஆய்வுகளை 2016இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த தலைமுறையில், சிக்கலான அளவில் குடிக்கும் வாய்ப்பு ஆண்களுக்குப் பெண்களைவிட மூன்று மடங்கு இருந்தது. நூற்றாண்டின் இறுதியில் பிறந்த தலைமுறையில் அது 1.2 மடங்காகச் சுருங்கிவிட்டது. நூறு ஆண்டுகளில் உடல்வாகு மாறுவதில்லை. முன்பு பெண்கள் குடிக்காமல் இருந்ததில் பெரும்பகுதி அவர்களுடைய உட்கட்டுப்பாடு அல்ல, வெளியிலிருந்து போட்ட கட்டு. இன்று குடிப்பது உட்கட்டுப்பாடு அழிந்ததால் அல்ல, அந்த வெளிக்கட்டு தளர்ந்ததால். குணத்தைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இரண்டிலும் இல்லை.

ஆனால் உடலைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். சிகிச்சைக்கு வருபவர்களைக் கவனித்தால், முதல் குடியிலிருந்து, மது இல்லாமல் இருக்க முடியாத சார்பு நிலைக்கு வந்து சேரும் காலம் பெண்களுக்குக் குறுகியதாக இருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஈரல் பாதிப்பு பெண்களுக்குக் குறைந்த அளவிலும், குறைந்த ஆண்டுகளிலும் வருகிறது. நாளொன்றுக்குப் பத்து கிராம் அளவுக்குக் குடித்தாலே மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு சற்று உயர்கிறது. உங்கள் இரண்டு பெக் அதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இரண்டு ஆண்டுகளில் தனிக்குடியும் நடுக்கமும் வந்துவிட்டதே என்று நீங்கள் திகைத்திருந்தால், அந்த வேகம் உங்கள் பலவீனத்தால் வந்ததல்ல என்பதையும், அதே நேரத்தில் காத்திருக்கக் காலம் இல்லை என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ளுங்கள்.

மூன்று கேள்விகள் மட்டும் கொண்ட ஒரு சுருக்கச் சோதனை உண்டு. உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய பத்துக் கேள்விச் சோதனையின் முதல் மூன்று கேள்விகள் அவை: எத்தனை முறை குடிக்கிறீர்கள், குடிக்கும் நாளில் எவ்வளவு, ஒரே அமர்வில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை முறை (இங்கே ஓர் அளவு என்பது பெக் அல்ல, சுமார் பத்து கிராம் தூய ஆல்கஹால்). பன்னிரண்டு மதிப்பெண்ணுக்கு, ஆணுக்கு நான்கும் பெண்ணுக்கு மூன்றும் வந்தால் கவனிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். எல்லைக்கோடே பாலுக்கு ஏற்ப மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். வாரத்தில் நான்கு முறையோ அதற்கு மேலோ என்ற முதல் விடையிலேயே நீங்கள் நான்கு மதிப்பெண் பெறுகிறீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்துப் போட்டால் உங்கள் கணவரும் நான்கைத் தாண்டுகிறார்.

இனி, உங்கள் பத்து மணிக்கு வருகிறேன். கடிதத்தில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் படித்த இடம் அதுதான். தூக்கம் குறைந்ததால் குடிக்கத் தொடங்கினேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பெண்களிடம் மனச்சோர்வோ பதற்றமோ முதலில் வந்து, குடி அதன் பின்னால் வருவது ஆண்களைவிட அதிகம் காணப்படுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்ன நடந்தது? வேலையிலா, உறவிலா, இழப்பா, அல்லது நாற்பதைத் தாண்டிய உடலில் மாதவிடாய்ச் சுழற்சி மாறத் தொடங்கியதா? அந்த மாற்றமும் தூக்கத்தைக் குலைக்கும். அதற்குத் தனியாக மருத்துவ வழிகள் உண்டு. பழைய காயம் ஏதேனும் மேலே வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எழுத விரும்பாததை நேரில் சொல்வது சிலருக்கு எளிதாக இருக்கும்.

மது தூக்கத்தைத் தருவதில்லை. தூங்கத் தொடங்கும் நேரத்தை மட்டும் முன்னால் இழுக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு இறங்கும் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் வியந்திருக்க மாட்டேன். அந்த விழிப்பின் சோர்வு மறுநாள் இரவு மறுபடியும் மருந்து கேட்கிறது. 100 மில்லி இரத்தத்தில் உள்ள ஆல்கஹால் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் அளவில்தான் குறையும். ஆகவே உங்கள் இரண்டு பெக் முழுவதும் வெளியேற எட்டரை மணி நேரம் பிடிக்கும். மூன்று, நான்கு என்று போன இரவுக்குப் பின் காலையிலும் அது உடலில் இருக்கும். காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வாகனம் ஓட்டுபவராக இருந்தால், அந்தப் பொறுப்பை இன்றிலிருந்தே வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கணவரை அளந்து ஊற்றச் சொல்லலாமா என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. கணவர் காவலராகிவிட்டால் நீங்கள் ஒளிப்பவராகிவிடுவீர்கள். அலமாரிப் பாட்டில் ஏற்கெனவே அதைத்தான் சொல்கிறது. தானே வைத்த எல்லையை மீறிய பிறகு வரும் குற்ற உணர்வு, அடுத்த முறை குறைவாகக் குடிக்கவைப்பதற்குப் பதில் அதிகமாகக் குடிக்கவைப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ‘ஒன்று கூடிவிட்டது, இனி என்ன இருக்கிறது’ என்ற அந்த எண்ணத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊற்றிக் கொடுப்பவர் முன்னிலையில் அந்தக் குற்ற உணர்வு இரு மடங்காகும்.

உங்கள் கணவரிடம் கேட்க வேண்டியது வேறு. மருத்துவர் துணையோடு நீங்கள் நிறுத்தத் தொடங்கியதும் வீட்டில் மது இருக்கக் கூடாது, அவருடையதும் இருக்கக் கூடாது. சில மாதங்களுக்கு அவர் வீட்டில் குடிக்காமல் இருப்பது அவருக்குப் பெரிய இழப்பல்ல. மற்ற நாட்களில் நினைப்பே வருவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரவு ஒன்பதரை முதல் பதினொன்று வரையான வீட்டு வேலைகளில் பாதியை அவர் எடுத்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் நீங்கள் தனியாக இருக்க வேண்டாம். நீங்கள் குடிக்காத இரவைக் கவனித்து ஒரு வார்த்தை சொல்லட்டும். குடித்த இரவில் வாக்குவாதம் செய்யாமல் விட்டுவிட்டு, மறுநாள் தெளிவாக இருக்கும்போது பேசட்டும். கண்டிப்பதைவிட இந்த வழியில் நடந்துகொள்ளும் குடும்பங்களில், சிகிச்சைக்கே வர மறுத்தவர்கள்கூட அதிகம் வருகிறார்கள் என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட செய்தி.

மருத்துவரைப் பார்த்து நிறுத்தத் தொடங்கிய பிறகு, முடிவெடுக்கும் நேரத்தை இரவிலிருந்து காலைக்கு மாற்றுங்கள். இன்று குடிப்பதில்லை என்பதைக் காலையில் முடிவு செய்து, ‘பத்து மணிக்கு அந்த எண்ணம் வந்தால் இதைச் செய்வேன்’ என்று ஒரே ஒரு செயலை எழுதி வையுங்கள். அது குளிப்பதாக இருக்கலாம், ஒரு தோழியோடு தொலைபேசியில் பேசுவதாக இருக்கலாம், வேறு அறைக்குப் போய் அமர்வதாக இருக்கலாம். பொதுவாக ‘கட்டுப்பாடாக இருப்பேன்’ என்று உறுதி எடுப்பதைவிட, இன்ன நேரத்தில் இன்னது என்று முடிச்சுப் போடுவது நன்றாக நிற்கிறது. குடிக்கும் உந்துதல் அலைபோல எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அதை அடக்கப் போராடாமல், எழுவதையும் இறங்குவதையும் கடிகாரத்தைப் பார்த்துக் கவனிப்பது பலருக்கு உதவியிருக்கிறது.

குறைத்துக் குடிப்பதா, முழுவதுமாக விடுவதா? இதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை; என் கருத்தைச் சொல்கிறேன். நினைத்ததைவிட அதிகமாகக் குடித்தல், குறைக்க முயன்று தோற்றல், குடிக்க வேண்டும் என்ற ஏக்கம், குடும்பத்தில் பூசல் வந்தும் தொடர்தல், நிறுத்தும்போது உடலில் நடுக்கம் என்பவை, நோயறிதலுக்காக மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் பதினோரு அளவுகோல்களில் அடங்கும். ஓராண்டில் இரண்டு இருந்தாலே கோளாறு என்று கொள்வோம். உங்கள் கடிதத்தில் குறைந்தது மூன்றைத் தெளிவாகப் பார்க்கிறேன். நடுக்கம் உறுதியானால் நான்கு. இந்த நிலையில் ஒரு பெக், அரை பெக் என்று புதிய அளவைத் தேடிப் போவது, அறுந்த இடத்திலேயே மறுபடியும் பாரத்தைத் தொங்கவிடுவது ஆகும். மருத்துவர் துணையோடு நிறுத்தி, முதல் மூன்று மாதங்கள் முற்றிலும் இல்லாமல் இருங்கள். தூக்கம், மனநிலை, ஈரல் பரிசோதனை மூன்றும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம். முதல் இரண்டு மூன்று வாரங்கள் தூக்கம் இப்போதைவிட மோசமாகும். அதை எதிர்பார்த்தே இறங்குங்கள், இல்லையென்றால் ‘மது இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது’ என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

மருந்துகளும் உண்டு, பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பதால் சொல்கிறேன். நால்ட்ரெக்ஸோன் குடியின் இன்பத்தையும், குடிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாத வேகத்தையும் குறைக்கும். அகாம்ப்ரோசேட், நிறுத்தியவர்கள் நிறுத்திய நிலையிலேயே தொடர உதவும். குடித்தால் கடுமையான உடல் வேதனையைத் தரும் டைசல்ஃபிரம் என்ற பழைய மருந்தும் இருக்கிறது. அதை ஒருவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுப்பது உயிரோடு விளையாடுவது. உங்கள் வீட்டில் யாரும் அப்படி யோசித்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். எந்த மருந்து பொருந்தும் என்பது உங்கள் ஈரல், சிறுநீரகம், நீங்கள் உட்கொள்ளும் பிற மருந்துகள், கருவுறும் வாய்ப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. கருவுற்றிருக்கும் காலத்தில் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சம் உங்களிடமும் இருக்கும். ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்கள் சிகிச்சைக்கு வருவது குறைவு. வெட்கமும், பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாததும் வாசலிலேயே அவர்களைத் தடுத்துவிடுகின்றன. ஆனால் வாசலைத் தாண்டி வந்த பெண்கள் ஆண்களுக்கு இணையாகவே நலமடைகிறார்கள். குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ குழு அமெரிக்காவில் 1935இல் தொடங்கியபோது அதில் பெண்களுக்கு இடமிருப்பதாகவே பலர் நினைக்கவில்லை. மார்டி மான் என்ற பெண் 1939இல் அங்கே வந்து மீண்டு, 1944இல் இது நோய், குற்றமல்ல என்று மக்களிடம் எடுத்துச்சொல்ல ஓர் அமைப்பையே தொடங்கினார். பெண்களுக்கு மட்டுமான குழுக்களும், தொலைபேசி வழியான ஆலோசனையும் இன்று இருக்கின்றன. கலப்புக் குழுவில் பேசத் தயங்கினால் அவற்றைக் கேட்டுப் பெறுங்கள். நீங்கள் சொல்வதை மறைவாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை.

ஓர் இரவு தவறினால், எத்தனை மணிக்கு, யாரோடு என்ன பேசிய பின், எவ்வளவு என்று மட்டும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் குறிப்பில் உங்களைப் பற்றி வசைச்சொல் எதுவும் எழுதாதீர்கள். அது சிகிச்சைக்கு எந்தப் பயனும் தராது.

மகளைப் பற்றி. பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் வாரத்தில் ஐந்து இரவுகள் ஒரு வீட்டில் எதுவும் நடக்காது. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஏன் இப்படி ஆனது என்பதற்கு அவளாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வதற்குள், நீங்களே சொல்வது நல்லது. தூக்கம் வராததால் குடித்தேன், அது இப்போது நோயாகியிருக்கிறது, மருத்துவரைப் பார்க்கப் போகிறேன், இதில் உன் தவறு எதுவும் இல்லை, என்னைக் கண்காணிக்கும் வேலை உன்னுடையதும் அல்ல, இவ்வளவு போதும். குடிநோய்க்கான வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி மரபு வழியாக வருவதால், இன்னும் சில ஆண்டுகளில் அவளிடமும் மற்றப் பிள்ளையிடமும் இந்த உடற்கணக்கையும் பேச வேண்டியிருக்கும், அது பிறகு. இப்போதைக்கு மருத்துவரைச் சந்திக்கும் நாளையும் நேரத்தையும் உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு அவளோடு உட்காருங்கள். கணவரும் அப்போது உடனிருக்கட்டும். நண்பர்களோடு போகும் இரவுகளில் இனி வண்டி ஓட்டுவதில்லை என்பதை அவரும் அதே பேச்சில் மகளிடம் சொல்லட்டும்.